பெயர்த்து நட்ட கல்

மனிதர் ஊர்விட்டு ஊர் போவதும் கடல் கடந்து போவதும் தமிழருக்குப் புதிய செய்தியன்று. மலேசியத் தோட்டப்புறத்தில் வாழ்ந்த குடும்பம் ஒவ்வொன்றிலும் அத்தகைய பயணக் கதை ஒன்று உண்டு. கற்களும் அவ்வாறே ஊர்விட்டு ஊர் போயிருக்கின்றன. கடல் கடந்தும் போயிருக்கின்றன. அவற்றின் கதையை எடுத்துச் சொல்வார் குறைவு. புக்கிட் பெருந்துங்கில் வாழும் முதியவர் ஒருவருக்கு அந்தக் கதை, சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியின் வழியாக வந்து சேர்ந்தது.

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில், உலு சிலாங்கூர் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்த நகரம் புக்கிட் பெருந்துங். ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் 1990ஆம் ஆண்டுகளில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. 1997ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார நெருக்கடியால் அவற்றுட் பல முற்றுப்பெறாமலே நின்றுபோயின. சுற்றுப்புறத் தோட்டங்கள் கைமாறிய காலத்தில், லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இத்தகைய வீடமைப்புப் பகுதிகளில் குடியேறின. முதியவரின் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். பின்னர் முப்பத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். இப்போது மகன் வீட்டில், பேரனின் துணையோடு காலம் கழிக்கிறார்.

தோட்டத்தை விட்டு வந்தபோது அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்த பொருள்களுள் ஒரு கல்லும் இருந்தது. ஆற்றோர வெட்டுக் காட்டில், ஒரு பெரிய மரத்தடியில், முனியாண்டி என்று மஞ்சள் பூசிக் கும்பிடப்பட்டு வந்த கல் அது. அதனைச் செதுக்கியவர் எவரும் இல்லை. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்திலேயே அது அங்கே கிடந்ததாக முன்னோர் சொல்லிக் கேள்வி. நிலம் கைமாறியபோது அதை விட்டுவர எவருக்கும் மனம் வரவில்லை. ஏழு பேர் கூடினர். வாடகைக்கு ஒரு லாரி பிடித்தனர். ஒருவர் தம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையைக் கொண்டுவந்து லாரியில் விரித்தார். கயிறு கட்டி, பலகை சாய்த்து, மெல்ல மெல்லக் கல்லை ஏற்றினர். வழி நெடுக அதனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து வந்தவர்களுள் நம் முதியவரும் ஒருவர். அந்த ஏழு பேரில் இன்று உயிரோடிருப்பவர் இருவர்தாம்.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தகரக் கொட்டகையில் இருந்த அந்தக் கல்லுக்கு அண்மையில் ஒரு சிறு கோயில் கட்டி முடித்தனர். வாயிலில் பதிப்பதற்கு ஒரு பளிங்குக் கல்லும் வாங்கியாயிற்று. அதில் என்ன பொறிப்பது என்று முடிவு செய்ய நிருவாகக் குழு கூடிய இரவில்தான் சிக்கல் எழுந்தது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் செயலாளர் படித்தார். ஐம்பத்தெட்டுப் பெயர்கள் இருந்தன. படித்து முடிந்ததும் முதியவர் எழுந்தார். தோட்டத்தின் பெயர் எங்கே என்று கேட்டார்.

செயலாளர் நல்லவர், முதியவரின் பழைய தோழர் ஒருவரின் மகன். “ஐயா, கல்லில் இடம் கொஞ்சம். பணம் கொடுத்தவர்கள் பெயரை விட்டுவிட முடியுமா? அதோடு, அந்தத் தோட்டந்தான் இப்போது இல்லையே?” என்றார்.

“இல்லை என்பதால்தான் போடச் சொல்கிறேன், தம்பி,” என்றார் முதியவர்.

அவையில் இருந்தவர்கள் சிரித்தனர். அதில் கேலி இல்லை. ஆனால் ஏற்பும் இல்லை. முடிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

வீடு திரும்பிய முதியவருக்கு உறக்கம் வரவில்லை. கூடத்தில் எதிர்ச் சுவரில் இரும்புக் கடை ஒன்றின் பழைய நாட்காட்டி தொங்கியது. ஆண்டு முடிந்தும் படத்தின் அழகுக்காக அதனைக் கழற்றாமல் வைத்திருந்தனர். அகன்ற வெளி ஒன்றின் நடுவே உயர்ந்து நின்ற தூணையும், அதன் அடிப்பீடத்தில் பொன்னிறத்தில் மின்னிய கோடுகளையும் அவர் பல மாதங்களாகப் பார்த்துவந்தவர். அன்றிரவுதான் அது என்ன என்று பேரனைக் கேட்டார். பேரன் இடைநிலைப் பள்ளி மாணவன். கைப்பேசியில் தேடி, ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துத் தமிழில் சொன்னான்.

படத்தில் இருந்தது பாரிஸ் மாநகரின் கொங்கோர்டு சதுக்கம். நான்கு முகங்களோடு, மேலே செல்லச் செல்லக் குறுகி, உச்சியில் கூம்பாக முடியும் ஒற்றைக்கல் தூண் அது. ஒபெலிஸ்க் என்று மேல்நாட்டார் அழைப்பர். ஏறத்தாழ 23 மீட்டர் உயரம். எடை ஏறத்தாழ 230 டன். அதனைச் சுற்றி இரவும் பகலும் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. தூணுக்கோ வயது மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல். எகிப்து நாட்டில், நைல் நதிக்கரையில், லக்சர் கோயிலின் வாயிலில் இரண்டாம் ராம்சேஸ் மன்னன் நிறுத்திய இரட்டைத் தூண்களுள் ஒன்று அது.

எகிப்தை ஆண்ட முகம்மது அலி, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்விரு தூண்களையும் பிரெஞ்சு நாட்டுக்கு அன்பளிப்பாக அளித்தார். ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு வரவே ஒரு தனிக் கப்பல் கட்டப்பட்டது. ஆற்றிலும் கடலிலும் செல்லத்தக்கதாகத் தட்டையான அடிப்பாகம் கொண்ட அந்தக் கப்பலுக்கு லக்சர் என்றே பெயரிட்டனர். அது 1831ஆம் ஆண்டில் தூலோன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. தூணை இறக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே அவ்வூரில் வாந்திபேதி பரவிற்று. கல்லைக் கப்பலில் ஏற்றிய பின்னரும், நைல் நதியில் அடுத்த வெள்ளம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1833ஆம் ஆண்டின் இறுதியில் கப்பல் பாரிஸ் வந்து சேர்ந்தது. 1836 அக்டோபர் 25ஆம் நாள், லூயி பிலிப் மன்னரும் பெருங்கூட்டமும் காண, லெபா என்னும் பொறியியலாளர் தூணை நிமிர்த்தி நிறுத்தினார்.

அந்தத் தூணுக்கு அந்தச் சதுக்கத்தில் இடம் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. முன்னர் அங்கே பதினைந்தாம் லூயி மன்னரின் சிலை நின்றது. 1792ஆம் ஆண்டில் புரட்சியாளர் அதனை வீழ்த்தினர். 1793 சனவரியில் பதினாறாம் லூயியின் தலை அந்தச் சதுக்கத்திலேதான் துண்டிக்கப்பட்டது. அதன்பின் அங்கே எந்த மன்னர் சிலையை வைத்தாலும், எந்தத் தலைவர் சிலையை வைத்தாலும், ஒரு சாராருக்குப் பழைய புண் கிளறும். எந்தக் கட்சியையும் சாராத வெளியூர்க் கல் ஒன்று வந்தபோது பூசல் இல்லாமல் அதற்கு இடம் கிடைத்தது. கைம்மாறாகப் பிரெஞ்சு மன்னர் எகிப்துக்கு ஒரு கடிகாரம் அனுப்பினார். கெய்ரோ கோட்டைப் பள்ளிவாசலில் நிறுவப்பட்ட அது, பெரும்பாலான காலம் ஓடாமலே நின்றது.

“அடியில் பொன் கோடு போட்டு வரைந்திருக்கிறதே, அது என்ன?” என்று முதியவர் கேட்டார்.

பேரன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். கயிறுகளும் கப்பிகளும் மரச் சட்டங்களும் தெரிந்தன. “இந்தத் தூணை எப்படி இறக்கினார்கள், எப்படி நிமிர்த்தினார்கள் என்று வரைந்து வைத்திருக்கிறார்கள், தாத்தா. மன்னர் பெயரும், தூக்கி நிறுத்தியவர் பெயரும், தேதியும் எழுதியிருக்கிறது.”

“தூணில் என்ன எழுதியிருக்கிறது?”

“அது எகிப்து எழுத்து. பறவை, பாம்பு, கண் என்று படம் படமாக இருக்கிறது.”

முதியவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அவருடைய இரண்டாவது கேள்விதான் இந்தக் கதையின் உயிர்நிலை.

தூணைப் பெயர்த்தவர்கள் தங்கள் பெருமையைப் பீடத்தில் உடனே எழுதிக்கொண்டனர். தூண் தானே சொல்ல வந்த செய்தியோ, நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக எவருக்கும் புரியாமல் கிடந்தது. எகிப்தின் பட எழுத்தைப் படிக்கத் தெரிந்த மரபு, கிறித்துவுக்குப் பின் சில நூற்றாண்டுகளிலேயே அறுந்துபோயிற்று. உரோமப் பேரரசர் காலத்திலேயே இத்தகைய தூண்கள் கடல் கடந்து உரோம் நகருக்குப் போயின. இன்று உலகில் மிகுதியான பழந்தூண்கள் நிமிர்ந்து நிற்கும் நகரம் அதுவே. இலண்டன் தேம்ஸ் நதிக்கரையில் 1878ஆம் ஆண்டிலும், நியூயார்க் பூங்காவில் 1881ஆம் ஆண்டிலும் எகிப்தியத் தூண்கள் நிறுத்தப்பட்டன. உரோமிலே பல நூற்றாண்டுகள் அவற்றைக் கடந்து போனவர்களுக்கு அந்த எழுத்து வெறும் பூவேலையாகவே இருந்தது. அதன் பூட்டைத் திறந்தவர் பிரெஞ்சு அறிஞர் சாம்போலியன். ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில் வெட்டப்பட்ட ரொசெட்டாக் கல்லின் துணையோடு, 1822ஆம் ஆண்டில் அவர் அந்த எழுத்தைப் படிக்கும் நெறியை வெளியிட்டார். லக்சர் தூண்களின் அருமையை எடுத்துரைத்து, அவற்றைக் கொண்டுவரச் சொன்னவரும் அவரே. 1832ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், நாற்பத்தோராம் வயதில், அவர் மறைந்தார். தூண் பாரிஸ் வந்து சேர்ந்தபோது அதனைப் படிக்க வல்ல முதல் மனிதர் அங்கே இல்லை. நல்வேளையாக, படிக்கும் நெறியை அவர் எழுதிவைத்துச் சென்றிருந்தார்.

இக்கதைக்கு உடன்பிறப்பு ஒன்று இந்திய மண்ணிலும் உண்டு. தில்லியில், முன்னாளில் பெரோஸ் ஷா கோட்லா என்றே அழைக்கப்பட்ட கிரிக்கெட் அரங்கைப் பலர் அறிவர். அதன் அருகிலுள்ள இடிந்த கோட்டையில், அடுக்கடுக்காக எழும்பிய ஒரு கட்டடத்தின் உச்சியில் ஒற்றைக்கல் தூண் ஒன்று நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 13 மீட்டர். எடை ஏறத்தாழ 27 டன். அது அசோகப் பேரரசன் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எழுத்து வெட்டுவித்த தூண். முதலில் நின்ற இடம் தில்லிக்கு வடக்கே, இன்றைய அரியானா மாநிலத்திலுள்ள தோப்ரா என்னும் சிற்றூர். 1351 முதல் 1388 வரை தில்லியை ஆண்ட சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் அதனைக் கண்டு வியந்து, தாம் கட்டிய புதிய நகருக்குக் கொண்டுவந்தார்.

கொண்டுவந்த முறையை ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீப் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். அப்போது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவர். தூணின் அடிமண்ணை அகழும்போது, அது சாயும் இடமெங்கும் இலவம்பஞ்சைக் குவித்தனர். தூண் பஞ்சின்மேல் மெல்லச் சாய்ந்தது. பிறகு பஞ்சைச் சிறிது சிறிதாக உருவி, தூணைத் தரையில் கிடத்தினர். நாணலும் பதனிடாத தோலும் சுற்றிக் காத்தனர். 42 சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்று செய்து, ஒவ்வொரு சக்கரத்திலும் கட்டிய கயிற்றை 200 பேர் இழுத்தனர். யமுனைக் கரையில் பெரும் படகுகளில் ஏற்றித் தில்லிக்குக் கொண்டு சென்றனர். பேரரசனின் பஞ்சும், வடசிலாங்கூரில் ஒரு தொழிலாளி லாரியில் விரித்த மெத்தையும் ஒரே நினைவில் பிறந்தவை. வணங்குவதற்கோ வியப்பதற்கோ உரிய கல் உடைந்துவிடலாகாது என்ற கவலை, அரண்மனைக்கும் லயத்துக்கும் பொதுவானதே.

தூணை நிறுத்திய பின்னர் சுல்தான் அதிலுள்ள எழுத்தைப் படிக்க அறிஞர்களை அழைத்தார். அசோகன் மண்ணில் பிறந்த அந்தணரும் படிக்க அறியாமல் நின்றனர். பெரோஸ் என்னும் மன்னர் வரும்வரை இதனை எவராலும் அசைக்க இயலாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சிலர் சொல்லிவைத்தனர். படிக்கத் தெரியாத இடத்தில் புகழுரை எளிதாக நுழைந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் தில்லிக்கு வந்த ஆங்கிலப் பயணி தாமஸ் கோர்யாட்டோ, அதனைக் கிரேக்க எழுத்து என்றும் அலெக்சாந்தர் நிறுத்திய வெற்றித்தூண் என்றும் எண்ணிக்கொண்டார்.

உண்மை 1837ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சித் தூபியில் பலர் அளித்த கொடைகளின் அருகே வெட்டப்பட்ட சிறு சிறு வரிகளை ஒப்புநோக்கினார். எல்லா வரிகளும் ஒரே வகையாக முடிவதைக் கண்டு, அது தானம் என்னும் சொல்லாக இருக்கவேண்டும் என உய்த்துணர்ந்தார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பிராமி எழுத்து முழுவதையும் படித்தார். நன்கொடை கொடுத்தவர் பெயர்களைக் கல்லில் பொறிக்கும் வழக்கத்தை இகழ்பவர்கள் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். கொடையாளர் பட்டியல்தான் அசோகனின் வாயைத் திறந்தது. தூணில் வரும் பியதசி என்னும் மன்னன் அசோகனே என்று காட்டியவர், இலங்கையில் பாலி நூல்களை ஆய்ந்த ஜார்ஜ் டர்னூர்.

படித்தபோது தெரிந்தது என்ன? தோப்ராத் தூணில் மட்டுமே காணப்படும் ஏழாம் சாசனத்தில் போர் வெற்றி எதுவும் இல்லை. மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர வழிகளில் ஆலமரம் நட்டதையும், மாந்தோப்புகள் அமைத்ததையும், கிணறுகள் தோண்டியதையும் அசோகன் அதில் எடுத்துரைக்கிறான். கால்வாய் வெட்டியும் தோட்டங்கள் வளர்த்தும் பெயர் பெற்ற பெரோஸ் ஷா அதனைப் படித்திருந்தால், தமக்கு முன்னே இந்த நெறியில் நடந்த ஒரு மன்னனை அறிந்து மகிழ்ந்திருப்பார். ஆயிரக்கணக்கானோர் தோளால் கல் தில்லிக்கு வந்தது. அதன் சொல் வந்து சேரவோ மேலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தத் திறவுகோல் தமிழகத்தின் கதவையும் திறந்தது. அசோகனின் பாறைச் சாசனங்களில் சோழரும் பாண்டியரும் கேரளபுத்திரரும் சத்தியபுத்திரரும் குறிக்கப்படுகின்றனர். மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைகளில் பிராமியை ஒத்த எழுத்து இருப்பதை 1882ஆம் ஆண்டில் ராபர்ட் சிவெல் கண்டார். அத்தகைய குகையெழுத்துகளின் மொழி தமிழே என்று 1924ஆம் ஆண்டில் கே. வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். சத்தியபுத்திரர் யார் என்ற ஐயம் நெடுநாள் நீடித்தது. 1981ஆம் ஆண்டில் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் ஒரு குகையெழுத்து வெளிப்பட்டது. சத்தியபுத்திரன் என்ற பெயரோடு அதியன் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் அதில் சேர்ந்தே இருந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்று தமிழ்க் குழந்தைகள் படிக்கும் அந்த வள்ளலின் பெயர், இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு குகையில் படிப்பாரைத் தேடிக் காத்திருந்திருக்கிறது. அந்தக் கல் எங்கும் பெயரவில்லை. அருகிலேயே ஆடு மேய்ந்தது, ஊர் இருந்தது, தமிழும் பேசப்பட்டது. எழுத்து மறந்துபோன ஊரில், நின்ற இடத்தில் நின்ற கல்லும் அயலூர்க் கல்லாகிவிடுகிறது.

மலாயா மண்ணிலிருந்தும் ஒரு கல் இவ்வாறு போயிற்று. 1834ஆம் ஆண்டில், அன்று வெல்லெஸ்லி மாநிலம் எனப்பட்ட செபராங் பிறையில், ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அதிகாரி ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அதில் ஒரு தூபியின் வடிவமும், தென்னிந்திய எழுத்தில் வெட்டப்பட்ட வடமொழி வரிகளும் இருந்தன. எழுத்தமைதி கொண்டு அது 5ஆம் நூற்றாண்டினது என்பர். செம்மண் என்று பொருள்படும் இரத்தமிருத்திகா என்ற ஊரைச் சேர்ந்த மாநாவிகன் புத்தகுப்தனின் பெயர் அதில் உள்ளது. கடற்பயணம் இனிது முடியவேண்டும் என்பது அவன் வேண்டுகோள். அந்தக் கல்லும் பின்னர் கடற்பயணம் மேற்கொண்டது. இன்று அது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மலாயாவின் பழைய வரலாற்றைப் பேசும் நூல்களில் அந்த மாலுமி இன்றும் வாழ்கிறான். அவன் கப்பலில் துடுப்பு வலித்தவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை, எழுதப்படவில்லை.

இங்கேதான் தோட்டத்துக் கல்லுக்கும் இத்தூண்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகிறது. லக்சரிலும் தோப்ராவிலும் கல் போயிற்று, மக்கள் இருந்தனர். லக்சர் கோயில் வாயிலில் இன்றும் ஒற்றைத் தூண் நிற்கிறது. அதனையும் கொண்டுசெல்லும் உரிமையைப் பிரெஞ்சு நாடு 1981ஆம் ஆண்டில் விட்டுக்கொடுத்தது. இணையை இழந்த அந்தத் தூணே, போன கல்லின் ஊரைச் சொல்லிக்கொண்டு நிற்கும். வடசிலாங்கூர்த் தோட்டங்களிலோ மக்களே பெயர்ந்தனர். லயம் இடிந்தது, பிரட்டுக் களத்தில் சாலை ஓடுகிறது, பால்கொட்டகை இருந்த இடம் எவருக்கும் தெரியாது. அந்த மக்களின் பெயர்கள் எழுதப்பட்ட ஏடு செக்ரோல் ஒன்றுதான். எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு கூலி என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பெயர்த்தவர் பெயரைப் பொன்னில் எழுதும் உலகம் இது. பெயர்க்கப்பட்டவர் தம் கதையைத் தாமே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

முதியவர் இவ்வளவும் அறிந்தவர் அல்லர். ஆயினும் அடுத்த வாரக் கூட்டத்தில் அவர் பேசியது இந்தக் கருத்தின் சாரமாகவே அமைந்தது. “பாரிஸ் பட்டணத்தில் ஒரு கல்லைத் தூக்கினவர்கள், கயிறு கட்டியதைக் கூட வரைந்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஏழு பேர் தூக்கினோம். ஐந்து பேர் போய்விட்டார்கள். நானும் போன பிறகு, இந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?” என்றார்.

செயலாளர் நெடுநேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஏழு பேரில் மறைந்துபோன ஒருவர் அவருடைய தந்தை. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் அடியில் நான்கு வரிக்கு இடம் கிடைக்கும் என்று அவரே முன்மொழிந்தார். குழு இசைந்தது.

அன்றிரவு முதியவர் பேரனை அழைத்து, தாம் சொல்வதை எழுதிக்கொள்ளச் சொன்னார். தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கல் இருந்த வெட்டுக் காட்டைச் சொன்னார். கொண்டுவந்த ஆண்டையும் தூக்கியவர்களின் பெயர்களையும் சொன்னார். பேரன் விரைவாக எழுதி நீட்டினான். தாளில் இருந்தவை எல்லாம் உரோமன் எழுத்துகள். தமிழ் நன்றாகப் பேசும் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. பாரிஸ் தூணின் கதையை ஆங்கிலத்தில் படித்து விளங்கச் சொன்னவனுக்கு, தன் தாத்தா சுமந்த கல்லின் கதையைப் படிக்கும் எழுத்து கைவரவில்லை. முதியவருக்குப் பேரன்மேல் சினம் வரவில்லை. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று மகன் கேட்ட நாளில், உன் விருப்பம் என்று சொன்னவர் அவரே. அந்தச் சொல்லின் எடை அன்றிரவு அவருக்குத் தெரிந்தது.

மூன்றாம் வகுப்புப் படிப்பைக் கொண்டு அவரே எழுத உட்கார்ந்தார். பால்மரம் வெட்டிய கை நடுங்கிற்று, எழுத்து கோணிற்று. கல்வெட்டுபவர் படிக்கத்தக்கதாக அதனை நேர்செய்து எழுதும் பொறுப்பைப் பேரன் ஏற்றுக்கொண்டான். முதலில் படம் வரைவது போலத்தான் வரைந்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒலி என்ன என்று கேட்டான். முதியவர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வாரங்கள் இரவுதோறும் இது நடந்தது. கொம்பும் காலும் விசிறியும் எங்கே சேரும் என்று பிள்ளைக்குப் பிடிபடத் தொடங்கியது. தாள் கல்வெட்டுபவரிடம் போயிற்று.

கல் பதித்த அன்று காலை, நன்கொடையாளர் பலர் தத்தம் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தனர். முதியவர் பேரனை முன்னே நிறுத்தி, அடியிலுள்ள நான்கு வரிகளைப் படிக்கச் சொன்னார். அவன் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். தோட்டத்தின் பெயர் வந்தது; காட்டின் பெயர் வந்தது; ஆண்டு வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதியவர் தாளில் எழுதியவை ஆறு பெயர்கள். தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ள அவருக்குக் கூச்சம். ஆனால் கல்லில் ஏழு பெயர்கள் இருந்தன. ஏழாவது, அவருடையது. எவரையும் கேட்காமல், தான் கற்ற எழுத்தைக் கொண்டு, பேரன் தானாகவே எழுதிச் சேர்த்த பெயர் அது. ஈற்றில் இரண்டு சுழி வரவேண்டிய இடத்தில் மூன்று சுழி போட்டிருந்தான். கல்வெட்டுபவரும் தாளில் கண்டபடியே வெட்டிவிட்டார்.

அருகில் நின்ற செயலாளர் பிழையைக் கவனித்தார். “ஐயா, ஆளை வரச்சொல்லித் திருத்திவிடலாமா?” என்று மெல்லக் கேட்டார்.

முதியவர் அந்த மூன்று சுழியைத் தடவிப் பார்த்தார். “வேண்டாம், தம்பி. அப்படியே இருக்கட்டும். யார் எழுதியது என்று எனக்குத் தெரிய வேண்டும்,” என்றார்.